நடு சீட் கவுன்

செல்லாத்தாள் என்னை முதன்முதலாகப் பார்த்தபோது வணக்கம் சொல்லவில்லை. என் சட்டையின் இடது தோளில் சிவப்பு அம்புக்குறி ஒன்றை ஒட்டினார்.

2018 ஜூன் மாதம், திருப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. கணியூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். பட்டமளிப்பு விழாவுக்கென்று உடுமலையில் எடுத்த சட்டையைத்தான் அன்றைக்குப் போட்டிருந்தேன். ஆர்டர்களைக் கவனிக்கிற உதவி மெர்ச்சன்டைசர் என்று சொல்லி, மேனேஜர் என்னை ஒவ்வொரு செக்‌ஷனாக அறிமுகம் செய்துகொண்டே வந்தார். செக்கிங் டேபிளுக்கு வந்ததும் அங்கே நின்றிருந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தார்.

"தையல் தாண்டியிருக்குது கண்ணு. திருப்பிக் குடுத்துரு."

"ரெண்டு தடவ போட்டுட்டனுங்க."

"அப்ப அம்பு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பனியனை எடுத்துக்கொண்டார்.

பின்னலாடைக் கம்பெனியில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே இந்தச் சின்ன அம்பை ஒட்டுவார்கள். அதற்குமேல் யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. தைத்தவர் பார்ப்பார், பிரிப்பார், மறுபடி தைப்பார். அன்று மாலை வரை நான் அம்போடுதான் சுற்றினேன். கேன்டீனில்கூட யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

செல்லாத்தாளுக்குச் சொந்த ஊர் சோமனூர் பக்கம். புருஷன் வீட்டில் எட்டு விசைத்தறி இருந்தது. தறிகளை விற்ற பிறகு, 2001-இல் செக்கிங் வேலைக்கு வந்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒரே மகள் வினிதாவை அவிநாசியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். கம்பெனியில் அவருடைய நம்பர் ஏழு. அவர் பார்த்து முடித்த துணியின் உள்பக்கம் '7' என்று ஒரு பொட்டு ஸ்டிக்கர் இருக்கும். ஏழாம் நம்பர் ஒட்டிய பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பது கம்பெனியில் எல்லோரும் அறிந்த செய்தி. அவர் வாயால் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவருடைய பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கழிவுத் தொட்டியை எடுத்து டேபிள் மேல் கவிழ்ப்பார். அன்றைக்குக் கழித்துப் போட்ட பீஸ்களை இடம்வாரியாகப் பிரித்து அடுக்குவார். கழுத்தில் குறை, கையில் குறை, அடி மடிப்பில் குறை என்று தனித்தனிக் கட்டு. எந்தக் கட்டு உயரமாக இருக்கிறதோ அந்த மெஷினுக்கு மறுநாள் காலையில் ஆள் போகும். இந்த வேலைகள் எல்லாவற்றையும் நின்றுகொண்டுதான் செய்வார். திருப்பூரில் செக்கிங் டேபிளுக்கு நாற்காலி கிடையாது. டீ குடிப்பதும் நின்றுதான்.

2020 மார்ச்சில் கம்பெனி மூடியது. மே மாதம் பாதி ஆட்களோடு திறந்தபோது பனியன் ஆர்டர் ஒன்றுகூட இல்லை. பீகார், ஒடிசா பையன்கள் சிறப்பு ரயிலில் ஊருக்குப் போயிருந்தார்கள். முதலாளி சாமியப்பன் எங்கெங்கோ பேசி ஓர் ஆர்டர் பிடித்தார். விமானத்தில் மூன்று சீட் வரிசையில் நடுவில் உட்காருகிறவருக்குக் கொரோனா தொற்றாமல் இருக்க மேலே போர்த்திக்கொள்ள ஒரு கவுன் தர வேண்டும் என்று அப்போது விதி வந்திருந்தது. அந்தக் கவுன் நாற்பதாயிரம். விமானக் கம்பெனிகளுக்கு வாங்கிக் கொடுக்கிற டெல்லி சப்ளையர் ஒருவரிடம் இருந்து வந்த ஆர்டர். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அதுதான் வேலை.

ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை, டெல்லியிலிருந்து மெயில் வந்தது. நான் முதலாளிக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். முதலில் போன பன்னிரண்டாயிரத்தில் கவுன்கள் கிழிகின்றன என்று பயணிகள் புகார் சொல்லியிருக்கிறார்கள். குடோனில் மீதி இருபத்தெட்டாயிரம் இருக்கிறது. திங்கட்கிழமை மாலைக்குள் ஆள் வந்து காரணம் காட்டாவிட்டால் மொத்தமும் திரும்பி வரும், இனி ஆர்டர் கிடையாது.

முதலாளி செல்லாத்தாளைக் கூப்பிட்டார்.

"நம்ம பீஸ் கிழியுதாமா, செல்லாத்தா."

"கிழியாதுங்க."

"போட்டோ அனுப்பிச்சிருக்கான், பாரு."

"போட்டோவுல தையல் தெரியாதுங்க. துணி வேணும்."

"துணி டெல்லியில கெடக்குது."

"அப்ப டெல்லிக்குப் போலாங்க" என்றார், பல்லடம் போகலாம் என்பதைப் போல.

ரயில் இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். இந்திப் பரீட்சையில் 'மத்யமா' வரை பாஸ் செய்தவன் என்று என் பயோடேட்டாவில் எழுதியிருந்தேன். இந்தி பேசுகிற பையன்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டதால் கம்பெனியில் இந்திக்கு நான் ஒருவன்தான். பரீட்சைக்கு வெளியே அதுவரை யாரிடமும் இந்தியில் பேசியதில்லை என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போனோம். வாசலில் கிருமிநாசினி ஊற்றிய ஈரப் பாய் விரித்திருந்தது. எல்லோரும் செருப்போடு மிதித்துப் போனார்கள். செல்லாத்தாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாயைத் தாண்டினார். காவலர் திருப்பி அனுப்பினார்.

"செருப்போடதான் மிதிக்கோணுமாங்க்கா" என்றேன்.

"ஈரப் பாயில எவனாச்சும் செருப்போட மிதிப்பானா?" என்றார். பிறகு மிதித்தார்.

நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்து, "நைன்ட்டி செவன்" என்றார் ஓர் ஊழியர். "பாஸுங்களா?" என்று கேட்டார் செல்லாத்தாள். பாஸ் என்று நான் சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

பாதுகாப்புச் சோதனையில் அவர் தாண்டியதும் மெட்டல் டிடெக்டர் வாசல் கூவியது. காவல் அம்மா தடவிப் பார்த்து, சேலைக்குள் இருந்து கயிற்றை இழுத்தார். கயிற்றின் நுனியில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி. பத்தொன்பது வருடமாக அவர் கழுத்தில் தொங்குவது. வீட்டிலிருந்து கிளம்பும்போது தாலிக்கொடி போல அதுவும் தானாகக் கூட வந்திருக்கிறது.

இது என்ன என்று இந்தியில் கேட்டார் காவல் அம்மா. மத்யமா பாடத்தில் நூல் வெட்டும் கத்தரி வரவில்லை. நான் என் சட்டையில் ஒரு நூலைத் தேடிப் பிடித்து, வெட்டுவது போல நடித்துக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுக் கத்தரியைப் பெட்டியில் போட்டார்.

"ரசீது குடுப்பாங்களான்னு கேளு கண்ணு."

கொடுக்கவில்லை.

விமானத்தில் எனக்கு ஜன்னல், அவருக்கு நடு சீட். முகத்துக்குக் கண்ணாடித் தாள், மாஸ்க், சானிடைசர் பொட்டலம் எல்லோருக்கும் கிடைத்தது. உடம்பு முழுக்க வெள்ளை அங்கி போட்டிருந்த பணிப்பெண் அவர் கையில் மட்டும் கூடுதலாக ஒரு பாலித்தீன் பையைக் கொடுத்தார். செல்லாத்தாள் பிரித்தார்.

"நம்மளுது" என்றார்.

முதலில் கவுனை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். பக்கத் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று நகத்தால் எண்ணினார். பணிப்பெண் வந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். "பாத்துட்டுப் போடறனுங்க" என்றார் தமிழில். பணிப்பெண் மூன்றாவது முறை வந்தபோது செல்லாத்தாள் உள்பக்கத்துப் பொட்டைக் கண்டுபிடித்திருந்தார். அதில் '7' என்று இருந்தது.

"நான் பாஸ் பண்ணுனது" என்றார். கவுனை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கவுனுக்கு இடுப்பில் இரண்டு நாடா. முதுகுப் பக்கம் முடிச்சுப் போட வேண்டும். உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு முதுகில் கை எட்டாது. செல்லாத்தாள் இரண்டு முறை முயன்றுவிட்டு, இடப்பக்க நாடாவை இழுத்து முன்பக்கமாகக் கொண்டுவந்து, வலப்பக்கத்தில் முடிச்சுப் போட்டார். அதன்மேல் சீட் பெல்ட். போட்டுவிட்டுக் கழுத்தை நீட்டி முன் வரிசையைப் பார்த்தார். திரும்பிப் பின் வரிசையைப் பார்த்தார். நடுவில் உட்கார்ந்த எல்லோரும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

ஏறக்குறைய மூன்று மணி நேரம் சாப்பாடும் இல்லை, டீயும் இல்லை. அவர் ஜன்னல் பக்கமே பார்க்கவில்லை. முதல் முறை பறக்கிறவர் ஆயிற்றே என்று, "மேகத்தப் பாருங்க்கா" என்றேன்.

ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தார். "ஷேடு வித்தியாசம் இருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி முன் வரிசைக்காரரின் இடுப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

டெல்லியில் இறங்கி பெல்ட்டைக் கழற்றி எல்லோரும் எழுந்தபோது முன் வரிசையிலிருந்து 'டர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. பின்னால் ஒன்று. செல்லாத்தாள் குனிந்து பையை எடுத்தார். அவர் இடுப்பிலும் டர்ர்.

அவர் தன் இடது இடுப்பைக் குனிந்து பார்த்தார். மணிபர்சிலிருந்து அம்புக்குறி ரோலை எடுத்தார். ஒன்றைப் பிய்த்துத் தன் மேல் ஒட்டிக்கொண்டார். அடுத்ததை முன் வரிசைக்காரர் மேல் ஒட்டினார். அந்த நாட்களில் யார் எதை ஒட்டினாலும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆள் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர், தனக்கு ஏன் ஒட்டவில்லை என்று கேட்டார். "கிழியலைன்னு சொல்லு" என்றார் செல்லாத்தாள் என்னிடம்.

உள்ளே வந்ததும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் படிவம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். அவருக்கும் சேர்த்து எழுத நான் கவுன்ட்டருக்குப் போனேன். வேலையாக வந்து இரண்டு நாளில் திரும்புகிறவர் என்று கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள். இரண்டு படிவத்தையும் தப்பில்லாமல் எழுதி முடித்துத் திரும்பியபோது விசில் சத்தம் கேட்டது.

வெளியே போகிற வழியில் பெரிய மஞ்சள் தொட்டி இருந்தது. கழற்றிய கவுன், கையுறை, முகத்தாள் எல்லாவற்றையும் அதில்தான் போட வேண்டும். மருத்துவக் கழிவு என்று படம் போட்டு எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் நடப்பவர்கள்கூட ஓர் அடி தள்ளித்தான் நடந்தார்கள். செல்லாத்தாள் அந்தத் தொட்டியைக் கவிழ்த்திருந்தார். கவுன்களைத் தரையில் இரண்டு கட்டாகப் பிரித்து அடுக்கியிருந்தார். ஒன்று உயரமான கட்டு. சுற்றிலும் இருபது அடிக்கு ஒரு மனிதர் இல்லை. வட்டத்துக்கு வெளியே நான்கு காவலர்கள். உள்ளே வர யாருக்கும் மனமில்லை.

"இருபத்தொம்பதுல இருபத்தாறு, கண்ணு" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். "எல்லாம் இடது நாடாவோட அடியில. தையல் விடலை. துணிதான் விட்டிருக்குது."

"அக்கா, அதத் தொடக்கூடாதுங்க்கா!"

"தொடாம எப்படி எண்ணறது?"

சுகாதார மேசையில் இருந்த டாக்டர் அம்மா ஆறடி தள்ளி நின்று, ஏன் கழிவைத் தொட்டார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "குறை தொட்டியிலதானுங்க இருக்கும்" என்றார் செல்லாத்தாள். நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் நெடுநேரம் எழுதினார். எழுதி முடித்ததும் ஏழு நாள் அரசுத் தனிமைக் கூடம் என்றார். நான் தொட்டியைத் தொடாதவன் என்று தனியாக எழுதி விட்டுவிட்டார்கள். கவுன்களை இரண்டு பைகளில் கட்டி முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். நாங்கள் காட்ட வேண்டிய சாட்சி மொத்தமும் அந்தப் பைகளில்தான் இருந்தது.

செல்லாத்தாள் கையில் தேதி போட்ட அழியாத மை முத்திரை குத்தினார்கள்.

"நாளைக்கு நான் எப்படிங்க்கா தனியா பேசுவேன்?" என்றேன்.

"படிச்சவன்தான கண்ணு நீ" என்றார். மையை ஒரு முறை பார்த்தார். "கோணலா உழுந்திருக்குது." வேனில் ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை குடோனுக்குப் போனேன். சப்ளையரின் தர அதிகாரி தியாகி என்பவர். ஆறடி உயரம், இரண்டு மாஸ்க். டேபிள் மேல் எங்கள் கவுன்கள் குவிந்திருந்தன. அவர் ஒன்றை எடுத்து நாடாவை இழுத்துக் காட்டினார். கிழியவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் கிழியவில்லை. ஆகவே சில பீஸ் நல்லது, சில பீஸ் மோசம், எது எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்றார். விமான நிலையத்தில் செல்லாத்தாள் எண்ணிய கணக்கைச் சொன்னேன். அந்தக் கவுன்கள் எங்கே என்று கேட்டார். மருத்துவக் கழிவில் என்றேன். சிரித்தார்.

வெளியே ரிட்டர்ன் லாரி நின்றிருந்தது. நான் செல்லாத்தாளுக்கு வீடியோ கால் போட்டேன். வினிதாவின் பழைய போன் அவரிடம் இருந்தது. இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் விவரம் சொன்னேன்.

"அவரு எப்படிப் பாத்தாரு?"

"இழுத்துப் பாத்தாருங்க்கா."

"நின்னுட்டா, உக்காந்துட்டா?"

"நின்னுட்டுதானுங்க."

"அவர உக்காரச் சொல்லு."

சொன்னேன். எதற்கு என்றார் தியாகி. போனில் அது கேட்டுவிட்டது. "ஏரோப்ளேன்ல நின்னுட்டே போறாங்களான்னு கேளு" என்றார் செல்லாத்தாள். விமானத்தில் பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள் என்று மேடம் நினைவுபடுத்துகிறார் என்று நான் மாற்றிச் சொன்னேன்.

குடோனிலும் நாற்காலி இல்லை. வாட்ச்மேனிடமிருந்து ஒன்று கொண்டுவந்தார்கள். சீட் பெல்ட்டுக்கு என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். தியாகி உட்கார்ந்து கவுனைப் போட்டார். முதுகில் நாடாவைக் கட்ட முயன்றார். எட்டவில்லை. முன்பக்கம் இழுத்து வலப்புறம் முடிச்சுப் போட்டார். பெல்ட்டை மாட்டிக் கழற்றி எழுந்தார்.

டர்ர்.

"எந்தப் பக்கம்?" என்று போன் கேட்டது.

"இடதுங்க்கா."

தியாகி இன்னொன்றைப் போட்டார். டர்ர். மூன்றாவதும் கிழிந்தது. நான்காவது கிழியவில்லை. தியாகியின் கண்கள் பிரகாசித்தன.

"நாடாவ இறுக்கலை அவரு. தொளதொளன்னு தொங்குது, பாரு" என்றது போன்.

இறுக்கிக் கட்டி எழுந்தார். கிழிந்தது.

அப்போது செல்லாத்தாள் சொன்னார்: "கண்ணு, நான் சொல்றத அப்படியே சொல்லு. தையல் சரி. செக்கிங்தான் தப்பு. உக்காந்திருக்கறவங்களுக்குத் தெக்கற துணிய நான் நின்னு பாத்துப் பாஸ் பண்ணிப்போட்டன். ஏழாம் நம்பர் தப்பு."

"அக்கா, அதச் சொன்னா நம்ம மேலயே போட்டு லாட்டத் திருப்பிருவாங்க. நூத்திப் பன்னண்டு பேருங்க்கா."

"பொய்யச் சொல்லி வித்தா அடுத்த ப்ளேன்லயும் கிழியத்தான் போகுது. சொல்லு."

சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தியில் அதை மழுப்பிச் சொல்ல வழியும் இல்லை. நேரான சொற்கள் மட்டும்தான் என்னிடம் இருந்தன.

தியாகி நான்கு கிழிந்த கவுன்களுக்கு நடுவில் நின்றார். இந்தச் சாம்பிளுக்கு ஒப்புதல் கையெழுத்து யார் போட்டது என்று ஃபைலைப் புரட்டினார். அவர் கையெழுத்துதான். ஃபைலை மூடிவிட்டு, "உங்கள் செக்கிங்கில் நாற்காலி உண்டா என்று மேடத்திடம் கேள்" என்றார்.

"கிடையாதுங்க" என்றார் செல்லாத்தாள்.

"எங்களிடமும் கிடையாது" என்றார் தியாகி. ரிட்டர்ன் லாரியைக் காலியாகவே போகச் சொன்னார்.

நாடாவின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் ஒட்டுத் துணி வைத்துத் தைத்தால் தாங்கும் என்று செல்லாத்தாள் சொன்னார். நாடாவை ஒரு சாண் நீட்டினால் இழுக்க வேண்டியிராது என்றும் சொன்னார். இருபத்தெட்டாயிரத்துக்கும் டெல்லியிலேயே ஒரு யூனிட்டில் ஒட்டுத் துணி வைத்தார்கள். அடுத்த முப்பதாயிரத்துக்கு இரண்டையும் சேர்த்துத் திருப்பூரில் தைத்தோம். நூற்றுப் பன்னிரண்டு பேரில் யாரும் வேலை இல்லாமல் வீட்டுக்குப் போகவில்லை. துர்கா பூஜைக்குப் பிறகு பீகார் பையன்களும் திரும்பி வந்தார்கள்.

ஏழு நாளும் தனிமைக் கூடத்தில் சப்பாத்தி சாப்பிட்டார் செல்லாத்தாள். இரண்டு தடவை மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தும் கொரோனா இல்லை. அங்கே கொடுத்த போர்வைகளில் பதினொன்றில் ஓரம் பிரிந்திருப்பதாக நர்ஸிடம் அம்பு ஒட்டிக் கொடுத்தார் என்று வினிதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரும்பி வந்ததும், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் என்று மாநகராட்சி அவர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டி இன்னும் பதினான்கு நாள் உள்ளே வைத்தது. வேலைக்கு வந்த அன்று, முதலாளி செக்கிங் டேபிள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். முதல் லாட்டில் கிழிந்த கவுன்களைப் பற்றிக் கம்பெனியில் யாராவது பேச்சை எடுத்தால், "ஏழாம் நம்பர்தானுங்க அது" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

நடு சீட்டுக்குக் கவுன் கொடுப்பது பிற்பாடு நின்றுபோனது. கம்பெனி மறுபடி பனியனுக்குத் திரும்பியது. நான் இப்போது சீனியர் மெர்ச்சன்டைசர். செல்லாத்தாளுக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. அதே கம்பெனியில் ஃபைனல் செக்கிங்குக்குப் பொறுப்பாக இருக்கிறார், நம்பர் ஏழுதான். இந்த சீசனில் குழந்தைகள் உடுப்பு ஓடுகிறது. காலை எட்டரைக்கு வருகிறார், இரவு எட்டுக்குப் போகிறார்.